மூன்று ஞானோபதேசங்கள்: எந்த வகுப்புக்கு எது?

ஞாயிறு பள்ளிக்கோ திடப்படுத்தல் வகுப்புக்கோ ஞானோபதேசம், அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பிக்கும் வினாவிடை நூல், தேடுகிறவர்கள் முதலில் எத்தனை கேள்விகள் என்றுதான் பார்க்கிறார்கள். பத்துக் கற்பனைகள் (பத்துக் கட்டளைகள்) நூலின் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே முதலில் பார்க்க வேண்டியது. லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529), ஹைடல்பர்க் ஞானோபதேசம் (1563), வெஸ்ட்மின்ஸ்டர் குறு வினாவிடை (1647) ஆகிய மூன்றும் அங்கேதான் பிரிகின்றன.

லூத்தர் கற்பனைகளை முதலில் வைத்தார். பிள்ளை தன் பாவத்தை அறிந்த பிறகு சபையின் விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணமும், அதன் பின் கர்த்தருடைய ஜெபமும் வருகின்றன. ஹைடல்பர்க்கின் அமைப்பு வேறு: மனிதனின் பரிதாப நிலை (3–11), மீட்பு (12–85), நன்றியறிதல் (86–129). பாவத்தை உணர்த்த, தேவனையும் பிறனையும் நேசி என்ற அன்பின் இரு பெரும் கட்டளைகளே அங்கே போதும். பத்துக் கற்பனைகள் 92-ஆம் கேள்வியில்தான் தொடங்குகின்றன, அதுவும் மீட்கப்பட்டவன் நன்றியோடு நடக்கும் வழியாக. பயமுறுத்தியே வளர்க்கப்பட்ட இளைஞர்கள் நிறைந்த வகுப்பில் இந்த வரிசை பெரிய ஆறுதல். முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் எது என்பதுதான்.

வெஸ்ட்மின்ஸ்டரின் 107 கேள்விகளில் 41 முதல் 81 வரை கற்பனைகளுக்கே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் அது எது, என்ன கேட்கிறது, எதைத் தடுக்கிறது என்று ஒரே அச்சில் கேள்விகள் வரும். விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக விளக்கும் பகுதி இதில் கிடையாது. அந்த இடத்தில் கடவுள், பாவம், நீதிமானாக்கப்படுதல் என்று இறுக்கமான வரையறைகள் நிற்கின்றன. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது கூர்மையான கருவி. எட்டு வயதுப் பிள்ளைக்கு வெறும் ஓசையாகவே போய்விடும்.

சிறு பிள்ளைகளுக்கு லூத்தரைத்தான் பரிந்துரைப்போம். ஜெர்மனியின் சாக்சனிச் சபைகளைப் பார்வையிட்டபோது ஜனங்களின் அறியாமையைக் கண்டு மனம் நொந்து எழுதியது அது. வீட்டுத் தலைவன் தன் குடும்பத்துக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கம் தலைப்புகளிலேயே தெரியும். முதல் கற்பனைக்குப் பின் வரும் விளக்கம் ஒவ்வொன்றும் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும் என்றே தொடங்குவதால், பத்தும் ஒரே கயிற்றில் கோத்து நினைவில் நிற்கும். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனெரி சீகன்பால்கு தமிழில் கொண்டுவந்ததும் இதைத்தான்.

முன்னுரையில் லூத்தர் சொல்லும் முறையை மூன்று நூல்களுக்கும் கையாளலாம். முதலில் மூலவாசகத்தை ஒரே சொல்லமைப்பில் பாடம் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு சொற்களை மாற்றினால் முன்பு படித்ததும் கலைந்துபோகும். வாசகம் படிந்த பிறகே பொருள். அதற்கும் பிறகே விரிவான விளக்கம். நம் வகுப்புகளில் முதல் இரண்டு படிகளையும் ஒரே ஞாயிறில் முடிக்கப் பார்க்கிறோம். ஒப்புவித்தல் நன்றாக நடக்கும், ஆனால் கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டால் பிள்ளை திகைத்து நிற்கும்.

நூல்களைக் கலந்தால் எண்களிலும் சிக்கல் வரும். லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கரும் விக்கிரகத் தடையை முதல் கற்பனைக்குள் அடக்கி, இச்சையைப் பற்றியதை ஒன்பது, பத்து என இரண்டாகப் பிரிக்கிறார்கள். மற்ற இரு நூல்களிலும் விக்கிரகத் தடை இரண்டாம் கற்பனை. ஆகவே ஆறாம் கற்பனை என்றால் ஒரு பிள்ளை விபசாரம் என்றும் இன்னொரு பிள்ளை கொலை என்றும் சொல்லும். இரண்டும் சரியே. எண்ணோடு வாசகத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஹைடல்பர்க் 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டிருப்பதால் ஓராண்டுத் திட்டம் கையில் தயாராகவே இருக்கிறது. ஆனால் பங்கீடு சமமாக இல்லை: 20-ஆம் ஞாயிறுக்கு ஒரே கேள்வி, 7-ஆம் ஞாயிறுக்கு நான்கு. பதில்களும் நீளம். முதல் பதிலை வாக்கியம் வாக்கியமாக உடைத்து மூன்று வாரம் எடுத்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்கரின் திருப்பலியைக் கடுஞ்சொல்லால் தாக்கும் 80-ஆம் கேள்வியைப் பின்னணி சொல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. வட அமெரிக்கக் கிறிஸ்தவ சீர்திருத்தச் சபை 2006-ல் அதன் கடும் வரிகளை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டது.

கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் தேர்வு வேறு. கத்தோலிக்கத் திருச்சபை 1992-ல் வெளியிட்ட மறைக்கல்வி நூலின் 2,865 பத்திகள் ஆசிரியரின் மேசைக்கு உரியவை. வகுப்பில் கேட்டுப் பதில் வாங்க, 598 கேள்விகள் கொண்ட அதன் 2005-ஆம் ஆண்டுச் சுருக்கமே ஏற்றது.