தமிழ்நாட்டு மனநல இல்லத்துக்கு முன்பணம் கட்டுவதற்குமுன் இதைப் படியுங்கள்

மனநோயுள்ள பிள்ளையைத் தமிழ்நாட்டில் உள்ள தனியார் இல்லத்தில் தங்கவைக்க நினைக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எல்லா இல்லங்களும் மோசம் என்று சொல்லமாட்டேன். எங்களிடம் பணம் வாங்கிய இல்லம் செய்தது அநியாயம்.

எங்கள் மகனுக்கு மனச்சிதைவு நோய். புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் சிகிச்சை பெற்று, குளோசபின் மாத்திரையில் தேறி வந்தான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுவதும் அவனை வீவக அடுக்குமாடி வீட்டில் தனியே விட்டுப் போக மனம் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் தேக்காவில் ஒரு முகவர் அறிமுகமானார். தமிழ் பேசும் பணியாளர்கள், நம் வீட்டுச் சாப்பாடு, சுற்றிலும் தோட்டம், வாரந்தோறும் மனநல மருத்துவர் வருகை என்று அடுக்கினார். அரையாண்டுக் கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காணொளி அழைப்பு. அதுவும் மேலாளரின் அறையிலிருந்து. நான் எதைக் கேட்டாலும், கைப்பேசிக்கு அப்பால் நின்ற யாரையோ ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மகன் வாய் திறப்பான். "சாப்பிட்டேன் அம்மா. நன்றாக இருக்கிறேன் அம்மா." அவன் போட்டிருந்தது நான் வாங்கிக் கொடுத்த சட்டை இல்லை. ஒரு வாரம் தலை மொட்டையாக இருந்தது. "பேன் தொல்லை அம்மா, எல்லாருக்கும் அடித்துவிட்டோம்" என்றார் மேலாளர். அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்றால், மருத்துவர் அனுமதிக்கவில்லை என்பார். எந்த மருத்துவர் என்று கேட்டால் பெயர் வராது.

குளோசபின் சிலருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால்தான் முதல் 18 வாரங்கள் வாராவாரம் இரத்தப் பரிசோதனை, அதன் பிறகும் தவறாமல் இடைவெளி விட்டுப் பரிசோதனை. இல்லத்திலிருந்து மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் பரிசோதனை அறிக்கை வந்தது. ஒருநாள் இரண்டு மாத அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணு, சிவப்பணு, தட்டணு எல்லாம் கடைசி இலக்கம்வரை ஒன்றே. தேதி மட்டும்தான் வேறு. யாருடைய உடம்பிலும் அப்படி வராது. பழைய தாளில் தேதியை மாற்றி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு முறையும் பரிசோதனைக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்.

மதுரையில் இருக்கும் என் நாத்தனார் மகனை அன்றிரவே கூப்பிட்டேன். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றான். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார்களாம். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையில் என் பிள்ளை படுத்திருந்தான். "அத்தான், வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறான். மருந்து அலமாரியில் குளோசபின் அட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாருக்கும் ஒரே தூக்க மாத்திரை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இந்த மருந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே தரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். அத்தனை காலம் பாடுபட்டு அவன் தேறியதெல்லாம் வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். முன்பணத்தில் ஒரு வெள்ளிகூடத் திரும்பவில்லை. முகவர் தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் இருந்த ஒரு மனநல இல்லத்தில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளைப் பூட்டிவைக்க ஒருவருக்குத் துணிவு வருகிறது என்றால், கேட்க ஆள் கடல் கடந்து இருக்கிறார்கள் என்ற தைரியம்தான். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதிவு பெறாமல் எந்த மனநல இல்லமும் நடத்தக்கூடாது. சங்கிலியிடுவது, தனியறையில் அடைப்பது, கட்டாய மொட்டை மூன்றுக்கும் தடை. சொந்த உடை உடுத்தவும், தொலைபேசியில் பேசவும், தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். நாங்கள் முறையிட்டிருக்கிறோம்.

ஆகவே பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். இரத்த அறிக்கை பரிசோதனைக்கூடத்திலிருந்து நேராக உங்களுக்கு வரட்டும். பணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க அந்த ஊரில் ஓர் உறவினர் இருந்தே ஆக வேண்டும். அது இல்லையென்றால் அனுப்பவே அனுப்பாதீர்கள். பிள்ளையோடு தனியாகப் பேச ஒருமுறை மறுத்தாலும் உடனே ஆளை அனுப்புங்கள், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல்தான் பலரும் இப்படி யோசிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். கேர்கிவர்ஸ் அலையன்ஸ் அமைப்பு பராமரிப்பாளர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். முதலில் அங்கே கேளுங்கள்.

அதே முகவர் இப்போது வேறு பெயரில் ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். உங்களிடம் வந்தால், பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.