5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம்: ஓட்டச் சுகமான கேம்பர் வேன் பற்றி

கேம்பர் வேன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் படுக்கை எவ்வளவு அகலம், ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர், கழிப்பறை இருக்கிறதா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஓட்டுவதற்கு எப்படி இருக்கும் என்று யாருமே முதலில் கேட்பதில்லை. தெற்கு ஜெர்மனியில் இருந்துகொண்டு என் கேம்பர் வேனில் ஆல்ப்ஸ் மலை, இத்தாலி, பிரான்ஸ், டென்மார்க் என்று சில வருஷமாகச் சுற்றியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, விடுமுறையில் விழித்திருக்கும் நேரத்தில் பெரிய பங்கு ஸ்டியரிங் பின்னால்தான் போகிறது. அங்கே சௌகரியம் இல்லை என்றால் பின்னால் எவ்வளவு நல்ல கட்டில் போட்டாலும், சாயங்காலம் எரிச்சலோடுதான் அதில் போய் விழுவீர்கள்.

என் வண்டி ஃபோக்ஸ்வாகன் டி6.1, குட்டை வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்), 150 குதிரைத்திறன் டீசல், 7 கியர் ஆட்டோமேட்டிக். நீளம் 4.90 மீட்டர், கண்ணாடி இல்லாமல் அகலம் 1.90 மீட்டர். கம்பெனியே முழுதாகக் கட்டித் தரும் கலிஃபோர்னியா என்ற கேம்பர் மாடல் இல்லை இது. சாதாரண வேனாக வாங்கி, தூக்கும் கூரை, அடுப்பு, அலமாரி, மடக்குக் கட்டில் எல்லாம் ஒரு சிறிய பட்டறையில் போட்டுக்கொண்டோம். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், மூன்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பகல் பயணங்களுக்கு ஐந்து பேர்.

இதற்கு முன்பு 5.99 மீட்டர் நீளப் பெட்டி வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், ஃபியட் டுகாட்டோ அடித்தளத்தில் கட்டியது. உள்ளே இடம் என்றால் நிஜமாகவே இடம், நிமிர்ந்து நடக்கலாம், குளிக்கலாம். டுகாட்டோவின் அகலம் 2.05 மீட்டர், பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கும், அதனால் கட்டிலைக் குறுக்கே போட முடிகிறது, ஐரோப்பாவில் பாதிப் பேர் அதன்மேல் வீடு கட்டுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டிவிடும். பலமான குறுக்குக் காற்றில் அந்த உயரத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்துக்கொண்டே போக வேண்டும், லாரி ஒன்றைத் தாண்டி வெளியே வரும்போது ஒரு தள்ளு தள்ளும். மனைவி அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பித் தந்துவிட்டாள். இரண்டு பேரில் ஒருவர் மட்டுமே ஓட்டுகிற வண்டி எங்களுக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்புறம் நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை இரண்டுதான்: நீளம் 5 மீட்டருக்குள், கூரை மூடிய உயரம் 2 மீட்டருக்குள். இங்கே சாதாரண பார்க்கிங் கட்டம் 5 மீட்டர் நீளம்தான், அதைத் தாண்டினால் வண்டியின் மூக்கு வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். உயரம் இன்னும் முக்கியம். நகரங்களில் நிலத்தடி பார்க்கிங் பலவற்றில் வாசலில் 2.00 மீட்டர் என்று பலகை இருக்கும், பிரான்ஸில் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் கடற்கரைப் பார்க்கிங்கிலும் குறுக்கே இரும்புக் கம்பியே கட்டியிருப்பார்கள். பிரான்ஸ் சுங்கச் சாலையிலும் 2 மீட்டர் வரைதான் முதல் வகுப்பு, அதாவது கார் கட்டணம். 2க்கு மேலே 3 மீட்டருக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு, காசு கணிசமாகக் கூடும். பட்டறைக்காரரிடம் நான் முதலில் கேட்டதே கூரை மூடியபின் மொத்த உயரம் எவ்வளவு வரும் என்றுதான். 1.99 என்று எழுதி வாங்கிக்கொண்டேன். மேலே சோலார் தகடு போடச் சொன்னார்கள், கெட்டியான தகடு போட்டால் அந்த ஒரு சென்டிமீட்டரும் போய்விடும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். 1.90 என்று எழுதிய பழைய பார்க்கிங்குகளுக்குள் இதுவும் போகாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அகலத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டோபானில், அதாவது ஜெர்மன் விரைவுச் சாலையில், சாலை வேலை நடக்கும் இடங்களில் இடது பாதையைக் குறுக்கி, 2.1 மீட்டர் அகலத்துக்கு மேல் வரக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். அது பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் சேர்த்த அகலம். வண்டிப் பத்திரத்தில் 1.90 என்று இருப்பதை நம்பி இடது பக்கம் போகக்கூடாது, கண்ணாடியோடு இந்த வண்டி சுமார் 2.30 மீட்டர். லாரிகளுக்குப் பின்னால் வலது பாதையிலேயே பொறுமையாகப் போக வேண்டியதுதான். வேன் அளவில் எது வாங்கினாலும் இதே கதைதான்.

சரி, ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். உட்காரும் உயரம்தான் இதன் பெரிய சுகம். முன்னால் நாலைந்து வண்டி தாண்டி என்ன நடக்கிறது என்று தெரியும், முதுகு நேராக இருக்கும், இரண்டு பக்கமும் கை வைக்கத் திண்டு. ஆறேழு மணி நேரம் ஓட்டி இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போய் இறங்கினாலும், முன்பு வைத்திருந்த சின்னக் காரில் வந்த இடுப்பு வலி வருவதில்லை. டி6.1இல் ஸ்டியரிங் மின்மோட்டார் உதவியோடு இயங்குவது, முந்தைய டி6இல் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தம். இதனால் நகரத்துக்குள் திருப்ப லேசாக இருக்கிறது என்பதோடு, குறுக்குக் காற்றில் வண்டியை நிலைப்படுத்தும் உதவி, பாதை விலகாமல் பிடிக்கும் உதவி எல்லாம் கிடைக்கின்றன. டென்மார்க்கில் கடலுக்கு மேலே 18 கிலோமீட்டர் போகும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் நல்ல காற்று நாளில் போனபோது, பக்கத்தில் உயரமான வண்டிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனோம்.

மலையில் ஆட்டோமேட்டிக் இல்லாமல் இந்த எடையை ஓட்ட எனக்கு இனி விருப்பமே இல்லை. ஆஸ்திரியாவில் கிராஸ்குளோக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு, ஹோக்டோர் கணவாய் 2504 மீட்டர் உயரம். ஏறுவதற்கு 150 குதிரைத்திறன் தாராளமாகப் போதும், 110 குதிரைத்திறன் வண்டியும் ஏறும்தான், ஆனால் டி6.1இல் அது 5 கியர் மேனுவலோடுதான் வந்தது, பின்னால் சைக்கிள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளட்ச் மிதித்து மிதித்து ஏறுவது விடுமுறை ஆகாது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். இரண்டரை டன்னுக்கு மேல் எடை, பிரேக்கையே நம்பி இறங்கினால் கீழே போவதற்குள் வாடை வந்துவிடும். கியரை மேனுவல் முறையில் இரண்டில் வைத்து எஞ்சினே இழுத்துப் பிடிக்க விட்டால், நம் கொடைக்கானல் பஸ் டிரைவர்கள் இறக்குவது மாதிரி நிதானமாக இறங்கிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முன் சீட்டைப் பின்பக்கம் திருப்ப அடியில் ஒரு சுழல் தகடு போடுகிறார்கள், அது சீட்டைச் சில சென்டிமீட்டர் தூக்கிவிடுகிறது. எனக்குப் பிரச்சினை இல்லை, ஐந்தடி இரண்டங்குலம் இருக்கும் என் மனைவிக்குக் கால் பெடலில் சரியாகப் பதியாமல் தொடையில் அழுத்தம் வந்தது. பட்டறையில் சொன்னபோது "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பதில். வேறொரு இடத்தில் தட்டையான தகடு கிடைத்தது, பணம் கொடுத்து மாற்றிய பிறகுதான் அவளால் மணிக்கணக்கில் ஓட்ட முடிகிறது. வீட்டில் உயரம் குறைந்தவர் ஓட்டுவார் என்றால், சுழல் தகடு போட்ட வண்டியில் அவரையே உட்கார வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, சமையல் மேடை ஓட்டுநருக்குப் பின்னால் இடது பக்கம் நீளமாக ஓடுகிறது. ஸ்டியரிங்கும் இடது பக்கம். அதனால் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் ஜன்னலுக்குப் பதில் அலமாரிதான் தெரியும். சாலை சாய்வாகச் சேரும் இடங்களில் இது நிஜமான ஆபத்து. மறைவிடத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரியும் வசதியும், பின்பக்கக் கேமராவும் இந்த வகை வண்டியில் ஆடம்பரம் கிடையாது, வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

சத்தம் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எஞ்சின் சத்தம் 120 கிலோமீட்டர் வேகத்தில் காதில் விழவே விழாது, அலமாரிக் கதவு கிடுகிடு என்று ஆடுவதுதான் விழும். எங்கள் வண்டியில் ஒரு இழுப்பறை முதல் மாதத்திலேயே ஆட ஆரம்பித்து, கல் பாவிய தெருவில் போனால் பேச்சே கேட்காது. பட்டறையில் இரண்டு முறை பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் நானே ஃபெல்ட் துணிப் பட்டை ஒட்டி அடக்கினேன். பாத்திரங்களுக்கு நடுவே துண்டு வைத்து அடுக்குவது இப்போது மகளின் வேலை. அழகுக்காகப் போட்டிருந்த 18 அங்குலச் சக்கரத்தை 17க்கு மாற்றியதும் குண்டு குழியில் விழும் அதிர்ச்சி நன்றாகக் குறைந்தது. கனமான சாமானைக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள். தண்ணீர் கேனைப் பின்கதவு ஓரத்தில் வைத்தபோதும் நடுவில் வைத்தபோதும் வளைவுகளில் வண்டி நடந்துகொள்வதே வேறு.

டீசல் 120இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் சுமாருக்கு வருகிறது, 140க்குப் போனால் 10ஐத் தொடும். தினமும் மூன்று கிலோமீட்டர் கடைக்குப் போய் வர மட்டும் இதை எடுக்காதீர்கள், டீசல் புகை வடிகட்டி சூடாகாமலேயே அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஓட வேண்டும்.

தூங்குவது, சமைப்பது பற்றிச் சுருக்கமாக. மகள் மேலே, நாங்கள் கீழே. கீழ்ப் படுக்கையில் இரண்டு பெரியவர்கள் ஒட்டிப் படுக்கலாம், புரள முடியாது. தூக்கும் கூரையின் துணி குளிரையும் பக்கத்து வண்டிப் பேச்சையும் உள்ளே விடும், டீசலில் எரியும் ஹீட்டர் இருப்பதால் குளிர் சமாளிக்கலாம். மழையில் நனைந்த துணியோடு மூடி வந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவிடாமல் இருக்கக்கூடாது, பூஞ்சை பிடிக்கும். தாளிப்பை உள்ளே செய்தால் கடுகு, பெருங்காய வாசம் சீட்டுத் துணியில் வாரக்கணக்கில் நிற்கிறது, அதனால் சாம்பார், ரசம் எல்லாம் வெளியே மேசை போட்டுச் சின்ன கேஸ் அடுப்பில்தான். கழிப்பறை கிடையாது, கையால் தூக்கும் சின்னப் பெட்டி ஒன்று ராத்திரி அவசரத்துக்கு. இது ஒத்துவராது என்றால் பெரிய வண்டிக்குத்தான் போக வேண்டும், அதில் நடுவழி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, முதல் நாள் பக்கக் கதவுப் படியைப் பார்த்துவிட்டு "இவ்வளவு உயரத்துல என்னை ஏறச் சொல்லாதடா" என்றார். கீழே வைக்கிற மடக்குப் படி ஒன்றும், கதவோரம் ஒரு கைப்பிடியும் போட்டதும் அவரே ஏறி ஜன்னல் பக்கம் இடம் பிடிக்கிறார்.

டி6.1 தயாரிப்பு 2024இல் நின்றுவிட்டது. அதே வருஷம் வந்த புதிய கலிஃபோர்னியா 5.17 மீட்டர், இரண்டு பக்கமும் சறுக்குக் கதவு, ஓட்டுவதற்குக் கார் மாதிரியே இருக்கிறது, ஆனால் என் 5 மீட்டர் கணக்கைத் தாண்டிவிட்டது. மெர்சிடிஸ் மார்கோ போலோவும் 5.14 மீட்டர். இரண்டு பேர் மட்டும் என்றால் ஃபோக்ஸ்வாகனின் சின்ன கேம்பர் கேடி கலிஃபோர்னியாவை நிச்சயம் பாருங்கள், 4.50 மீட்டர்தான், எங்கும் நுழையும், சமையல் மேடை பின்கதவுப் பக்கம் இழுத்துத் திறப்பது என்பதால் மழையில் கதவு நிழலில் நின்று சமைக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்துக்கு 5 மீட்டருக்குள் என்றால் இப்போது பழைய டி6.1 அல்லது 4.95 மீட்டரில் வரும் பெசல் கேம்ப்ஸ்டர். பழையது பார்க்கப் போகும்போது கூரையை நீங்களே தூக்கி மூடிப் பாருங்கள், துணியின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள், அப்புறம் அலமாரியில் பாத்திரம் இருக்கும்போதே கல் பாவிய தெரு ஒன்றிலும் ஆட்டோபானிலும் ஓட்ட விடச் சொல்லுங்கள், வீட்டில் ஓட்டப் போகிற எல்லாரும் மாறி மாறி.