ஆசிட்டில் துரு நீக்க ஹெக்ஸமைன்: அறை வெப்பத்தில் நம்பலாம், சூட்டில் வேண்டாம்

துருப்பிடித்த மைல்டு ஸ்டீலை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டால், துரு விலகிய இடத்தில் அடியிலிருக்கும் இரும்பையும் ஆசிட் தின்னத் தொடங்கும். அதைத் தடுக்கச் சேர்க்கும் இன்ஹிபிட்டர்களில் நிறுத்து அளக்க வசதியானது ஹெக்ஸமைன் என்ற வெள்ளைப் பொடி. அறை வெப்பத்தில், சில நிமிடங்களில் முடியும் வேலைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். சூடான தொட்டிக்கும், இரவு முழுக்க ஊறப்போடும் வேலைக்கும் வேறு சரக்கைப் பாருங்கள்.

அளவில் குழப்பம் வேண்டியதில்லை. துருவை நீக்கி நிறை இழப்பைக் கணக்கிட ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பு வகுத்த ஜி1 வழிமுறையிலேயே இந்தக் கரைசல் இருக்கிறது: ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.19 உள்ள அடர் ஆசிட் 500 மில்லி, ஹெக்ஸமைன் 3.5 கிராம், மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர். 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம். முதலில் 400 மில்லி தண்ணீரில் பொடியைக் கரைத்து, அதில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரைசல் சூடாகும், ஆறிய பிறகு மீதித் தண்ணீர், அதற்கும் பிறகே ஸ்டீல். ஸ்டீலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முன்பே போக்கிவிடுங்கள்; பிசுக்கு இருக்கும் இடத்தில் துரு திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். உப்புத்தாளால் தேய்த்த ஆணியை வெறும் ஆசிட்டில் விட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் சரம்சரமாக எழும். ஹெக்ஸமைன் கலந்ததில் ஆணி மேல் சிறு மணிகளாக ஒட்டி, எப்போதாவது ஒன்று கழன்று மேலே வரும். ஹெக்ஸமைன் மூலக்கூறுகள் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு படலம்போல மூடுவதுதான் காரணம். துரு கரையும் வேகத்தை இது பெரிதாகக் குறைப்பதில்லை.

குமிழியை மட்டும் நம்பாமல் எடை போட்டும் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை மில்லிகிராம் வரை நிறுத்து, ஒன்றை வெறும் ஆசிட்டிலும் மற்றதை இன்ஹிபிட்டர் சேர்த்ததிலும் ஒரே அளவு நேரம் வையுங்கள். முதலாவது 200 மில்லிகிராமும் இரண்டாவது 20 மில்லிகிராமும் இழந்தால் பாதுகாப்பு 90 சதவீதம்.

பலரும் கவனிக்காதது ஃபெரிக் அயனி, அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. துரு கரையக் கரைய அது கரைசலில் சேரும், கரைசல் மஞ்சளாகும். ஃபெரிக் அயனி இரும்பை நேரடியாகத் தின்னும், ஹைட்ரஜன் வராததால் குமிழியும் தெரியாது. நல்ல இன்ஹிபிட்டர் போட்டும் ஸ்டீல் குழிகுழியாகிவிட்டது என்ற புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இன்னும் கொஞ்சம் ஹெக்ஸமைன் போட்டால் தீராது. ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பைச் சேர்த்து ஃபெரிக்கை ஃபெரஸாக (இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்த இரும்பாக) மாற்ற வேண்டும், அல்லது கரைசலையே மாற்ற வேண்டும்.

பெரிய குறை சூட்டில்தான். ஆசிட்டில் ஹெக்ஸமைன் மெல்ல உடைந்து ஃபார்மால்டிஹைடும் அம்மோனியம் உப்பும் ஆகிறது. சூடு ஏற ஏற அது விரைவாகும். ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரோகுளோரிக் ஆவியும் கலக்கும் காற்றில் பிஸ்குளோரோமெதில் ஈதர் உருவாகலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆகவே காற்றை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத அறையில் இந்தக் கரைசலைத் திறந்து வைக்கவே வேண்டாம். கலந்ததை மாதக்கணக்கில் சேமிக்கவும் வேண்டாம்.

சல்ஃப்யூரிக் ஆசிட்டில் இதன் பலன் குறைவு. பொட்டாசியம் அயோடைடு கொஞ்சம் சேர்த்தால் தேறும். நைட்ரிக் ஆசிட்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், அது ஆபத்து. ஸ்பிரிங், உயர்வலிமை போல்ட் போன்றவற்றுக்கு இந்த முறையே பொருந்தாது: குமிழி குறைந்தாலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்க முடியும்.

வெளியே எடுத்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, சலவை சோடா கரைசலில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். ஹெக்ஸமைன் படலம் தண்ணீரோடு போய்விடும். ஈரமாக விட்டால் சில நிமிடங்களில் ஆரஞ்சுத் துரு மறுபடி படரும். எண்ணெயோ பிரைமரோ தயாராகப் பக்கத்தில் இருக்கட்டும்.