பொத்தான்கள் கிடைத்த பின்: தமிழ் விக்கிப்பீடியாவில் பதினோர் ஆண்டுகள்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பதினோர் ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். கடைசி ஆறு ஆண்டுகளாக நிர்வாகியாகவும் இருக்கிறேன். எங்கள் ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரையில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தியதே என் முதல் தொகுப்பு.

நிர்வாகி என்றதும் பத்திரிகை ஆசிரியரைப் போல எண்ணிக்கொள்கிறார்கள். பயனர்கள் வாக்களித்துத் தரும் இந்தப் பொறுப்பினால் கூடுதலாகக் கிடைப்பவை பக்கத்தை நீக்குதல், நீக்கியதை மீட்டல், கண்டவரும் மாற்றாதபடி காப்பிடுதல், விசமிகளைத் தடைசெய்தல் போன்ற சில பொத்தான்களே. கட்டுரையில் எது நிற்க வேண்டும் என்பதில் நேற்றுச் சேர்ந்த பயனரின் சொல்லுக்கு உள்ள எடைதான் என் சொல்லுக்கும். ஆஸ்திரேலியா என்பதா, ஈழத்து வழக்கில் அவுஸ்திரேலியா என்பதா, கிரந்தம் தவிர்த்து ஆத்திரேலியா என்பதா என்ற வகை வழக்குகளில் இதை நன்றாக உணரலாம். ஒருவர் பாடநூலைக் காட்டுவார், மற்றவர் வடவெழுத்தை விலக்கச் சொல்லும் தொல்காப்பிய நூற்பாவை எடுத்து வைப்பார். எந்த எழுத்தில் தேடினாலும் வழிமாற்று அதே பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். ஆனாலும் தலைப்பு என்னும் நாற்காலி ஒன்றுதானே!

பொறுப்பேற்றபின் நான் எழுதுவது பாதியாகக் குறைந்துவிட்டது. காலைத் தேநீரோடு ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்தால், ஒரு நகரம் ‘ஆற்றின் இடது வங்கியில்’ அமைந்திருக்கும். இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். அதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கணக்கில்லாத ஒருவர் பனை பற்றிய கட்டுரையில் ‘கார்த்திக் ஒரு லூசு’ என்று எழுதினார். மீளமைத்தேன், ஐந்து நிமிடத்தில் மீண்டும் கார்த்திக். எரிச்சலில், புதுக் கணக்கும் தொடங்க முடியாதபடி அவர் இணையத்துக்கு வந்த ஐ.பி. முகவரியை ஒரு மாதத்துக்குத் தடைசெய்தேன். மூன்று வாரம் கழித்து ஓர் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: அவருடைய பள்ளியின் கணினிகள் அனைத்தும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் இணையத்துக்கு வருகின்றன, கட்டுரை எழுதப் பழக்குவதற்காக உட்கார வைத்த நாற்பது பிள்ளைகளில் ஒருவராலும் கணக்குத் தொடங்க முடியவில்லை. அந்தப் பாடவேளை முடியும்வரை ஒரு மணி நேரம் தடுத்திருந்தாலே போதும். மன்னிப்புக் கேட்டுத் தடையை உடனே விலக்கினேன். தடைகளைக் குறித்துவைக்கும் தடைப் பதிகையில், என் பெயரோடும் ‘தொடர் விசமம்’ என்று நான் எழுதிய காரணத்தோடும், அந்த ஒரு மாதம் இன்றும் இருக்கிறது.