அஞ்சு பிளானிலும் ஒரே இடத்தில் ஒரு சுவர்

கோயமுத்தூரில் பழைய வீட்டு பிளானை ஸ்கேன் எடுக்க ஃபிளெக்ஸ் கடைக்கு அலைய வேண்டாம். அங்கே அச்சடிக்க மட்டும்தான் முடியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பேட்டர்ன் பிளாட்டரும் வரையும், படிக்காது. இன்ஜினியர்கள் பிளான் பிரிண்ட் போடும் ஜெராக்ஸ் கடையில் 36 அங்குல ரோல் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். அகலம் 914 மி.மீ.; ஏ0 தாளே (841) நுழையும்.

அப்படி ஒரு கடையில் எடுத்த அஞ்சு தாளிலும், நெடுக ஒரு கோடு. தரைத்தளத்தில் சமையலறையை இரண்டாக வெட்டுகிறது. மாடி பிளானில் பால்கனிக்கு வெளியே நிற்கிறது. எலிவேஷனில் (வீட்டின் முகப்புப் படம்) ஆகாயத்தில்! "பழைய பிளானுங்ணா, ஒரிஜினல்லயே அப்படித்தானுங்க இருக்கும்" என்கிறார் கடைப் பையன்.

இருக்காதுங்க. ரோல் ஸ்கேனரில் கண்ணாடி நகராது, தாள்தான் நகரும். கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசு, தாள் முழுக்க நேர்கோடாக விழும். பழைய மடிப்பில் ஒட்டிய செலோடேப்பின் பசைதான் பெரும்பாலும் காரணம். சந்தேகமென்றால் ஏ1 தாளை 90 டிகிரி திருப்பி விடுங்கள். 594, 841 இரண்டு பக்கமும் நுழையும். நிஜச் சுவர் படத்தோடு திரும்பும், தூசுக் கோடு தாள் போகும் திசையிலேயே நிற்கும். மெஷினை அணைத்து, நூல் உதிராத துணியில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். கண்ணாடியில் நேராக ஊற்றக் கூடாது.

  அந்தக் கடையில் "வாங்ணா, நீங்களே பாருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அஞ்சையும் காசு வாங்காமல் திரும்ப ஓட்டிக் கொடுத்தார்கள். எந்த ஊரில் நடக்கும்?

மங்கிய அம்மோனியா பிரிண்டை (பழைய முறைப் பிளான் நகல்) கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மெல்லிய கோடுகள் போய்விடும். 300 டிபிஐ, கலரில் கேளுங்கள். ஒப்புதல் முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும் அப்போதுதான் தெரியும். டிஃப் (TIFF) கோப்பாக வாங்குங்கள், ஜேபெக்கில் எழுத்து ஓரம் கரையும். கிழிந்த தாளை டிரான்ஸ்பரன்ட் உறைக்குள் வைத்தே விட வேண்டும். ஏ1 தாளை 'ஃபிட் டு பேஜ்' போட்டு ஏ3 ஆக்கிவிட்டால் 1:100 பிளான் 1:200 ஆகிவிடும். ரோலர் வழுக்கினால் நீளம் மட்டும் மாறும். அதனால் ஆட்டோகேடில் (பிளான் வரையும் மென்பொருள்) ஸ்கேல் சரிசெய்யும்போது குறுக்கே ஒரு அளவு, நெடுக ஒரு அளவு என இரண்டையும் பிளானில் எழுதியிருக்கும் அளவோடு ஒத்துப் பாருங்கள்.

ரோல் ஸ்கேனர் கிடைக்காத சின்ன ஊரில் ஏ3 ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி போதும். ஏ1 தாளை நாலாகப் பிரித்தால் இணைக்க ஓரம் மிஞ்சாது. 2×3 என ஆறு துண்டாக எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று 2 செ.மீ.க்கு மேல் படியும், ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளில் இலவசமாக ஒட்டிக்கொள்ளலாம்.

திரும்பக் கொடுக்கும்போது எட்டாக மடித்துவிடுவார்கள். 3 அங்குல பிவிசி பைப்பில் இரண்டேகால் அடித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சுருட்டி வையுங்கள்.