பூஜையறைக்குப் பித்தளைச் சிலையா, பஞ்சலோகமா?

வீட்டுப் பூஜைக்கு ஒரு பிள்ளையார் வாங்கலாம் என்று கிளம்பினால், கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். நான் பஞ்சலோகத்தை எடுத்தேன், ஒரு சாணுக்குள் அடங்கும் உயரத்தில். அதனால் என் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

விலை, கிடைப்பது இரண்டிலும் பித்தளைக்குத்தான் வெற்றி. அலிகர், மொராதாபாத் பட்டறைகளில் இருந்து நிறைய வருகிறது, நம் ஊர்ப் பாத்திரக்கடை வரைக்கும். பஞ்சலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் அப்படி இல்லை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்பதால் அதே அச்சில் இன்னொன்று வராது, காசும் அதற்குத்தான் போகிறது. பொன், வெள்ளி சேர்ப்பதெல்லாம் பெயருக்குத்தான், பெரும்பகுதி செம்பு. தங்கம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே விஷயம்: துலக்குவது. பித்தளைக்கு மஞ்சள்தான் அழகு, அது மங்கினால் சாமி அழுக்காக இருப்பது போலவே தெரியும், உடனே யாராவது புளியை எடுத்துவிடுவார்கள். புளி கறையோடு சேர்த்து உலோகத்திலும் துளி எடுத்துக்கொண்டுதான் போகும், அதற்கு மேல் பொடி போட்டுத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். பழைய வீட்டுப் பித்தளைச் சாமிகளைப் பாருங்கள், மூக்கும் முழியும் மழுங்கிப்போய் பிள்ளையாரா அனுமாரா என்றே சந்தேகம் வரும். தும்பிக்கைக்குப் பின்னால், கால்விரல் இடுக்கில் மிச்சமிருக்கும் புளி சில நாளில் பச்சைக் களிம்பாகக் கிளம்பும். மங்காமல் இருக்க வார்னிஷ் அடித்துத் தருகிறார்களே என்றால், அபிஷேகம் நடக்கும் வீட்டில் அது நிற்காது. திட்டுத் திட்டாக உரியும், உரிந்த இடம் கறுக்கும், அப்புறம் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

பஞ்சலோகமும் கறுக்கத்தான் செய்யும், செம்புதானே. ஆனால் அந்தக் கருமை அதற்குப் பொருந்துகிறது, மாலை, பூணூல், நகக்கண் வரை கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், அதனால் துலக்கச் சொல்லி யாரும் நச்சரிப்பதில்லை. பால், பஞ்சாமிர்தம் ஊற்றிய நாளில் வெந்நீர், மெல்லிய பிரஷ், துணி, அவ்வளவுதான். பீடத்தின் அடிப்பக்கம் குழிவாக இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும், ஒருமுறை கவிழ்த்துத் துடையுங்கள். உப்புக்காற்று அடிக்கும் கடலோர வீடுகளில் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

அபிஷேகமே கிடையாது, கூடத்தில் அழகுக்கு வைக்கப்போகிறீர்கள், இல்லை கொலுப்படிக்குத்தான் என்றால் பித்தளையே போதும், வார்னிஷும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பித்தளைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிப் பஞ்சலோகம் என்று விற்பதும் உண்டு. மேல்நிறத்தை நம்பாமல், பீடத்துக்கு அடியில் ஓரமாக லேசாக அரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் தெரிந்தால் பித்தளையாகத்தான் இருக்கும், செம்பு அதிகமுள்ள கலவை என்றால் சிவப்போடிய நிறம் வரும்.