யங் ஈகிள்ஸ் இலவச விமானப் பயணம்: அந்த இருபது நிமிடம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

அமெரிக்காவில் வளரும் பிள்ளை வானத்தைப் பார்த்து "நானும் ஓட்டணும்" என்று சொன்னால், பெற்றோர் முதலில் தேடுவது பயிற்சிப் பள்ளியின் கட்டணத்தை. அங்கே போகும் முன் காசில்லாமல் ஒரு முறை ஏறிப் பார்க்கலாம். இஏஏ என்ற விமான ஆர்வலர் சங்கம் 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஆஷ்காஷ் நகரில் தலைமையகம். அவர்கள் 1992இல் ஆரம்பித்த திட்டம்தான் யங் ஈகிள்ஸ். 8 முதல் 17 வயது வரை உள்ளவர்களைத் தன்னார்வ பைலட்டுகள் தங்கள் சொந்தச் செலவில் சிறு விமானத்தில் அழைத்துப் போவார்கள். ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறையும் 2003 டிசம்பர் 17க்குள் பத்து லட்சம் பிள்ளைகள் என்று இலக்கு வைத்து எட்டினார்கள். 2016இல் அது இருபது லட்சமானது. அந்த இருபது லட்சமாவது பயணத்தை ஓட்டியவர் நடிகர் ஹாரிசன் ஃபோர்ட். சில ஆண்டுகள் இத்திட்டத்தின் தலைவராகவும் இருந்தவர்.

பயணத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். பயணம் முடிந்த மறுவாரம் தொடங்கும் பகுதியும், அதாவது இலவசப் பாடமும் கட்டண உதவிகளும், நல்லதுதான். ஆனால் அதை யாரும் உங்கள் கையில் திணிக்க மாட்டார்கள். நாமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒரு சான்றிதழும் நாலு செல்ஃபியும்தான் மிச்சம்.

முதலில் பதிவு. ஒவ்வொரு ஊரிலும் உள்ள இஏஏ கிளை தன் வசதிப்படி ஒரு நாளைக் குறித்து, பெரும்பாலும் சனிக்கிழமை காலையில், சிறு விமான நிலையம் ஒன்றில் நடத்தும். சில கிளைகள் மாதா மாதம், சில ஆண்டுக்கு ஓரிரு முறை. ஆகவே சேவையின் தரம் கிளைக்குக் கிளை மாறும். பெரிய குறை என்றால் இதுதான். இடங்கள் சீக்கிரம் நிரம்பும். படிவத்தில் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் கையெழுத்திட வேண்டும். விடுமுறைக்கு வந்த தாத்தா, பக்கத்து வீட்டு அங்கிள், சாரணர் குழுத் தலைவர் யார் போட்டாலும் செல்லாது. பிள்ளையை வேறு யாராவது கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே கையெழுத்திட்டு அனுப்புங்கள். இதை மறந்து வாசலிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கூச்சத்தில் பத்து பவுண்டு குறைத்துச் சொல்வதற்கு இது கல்யாணத் தரகர் கேள்வி அல்ல. இந்தப் பயண நாட்களில் அதிகம் கண்ணில் படும் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தின் கணக்கைப் பாருங்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த மாடலின் அதிகபட்ச எடை 2300 பவுண்டு. வெற்று விமானமே சுமார் 1450. மீதி 850. பயன்படுத்தக்கூடிய 40 கேலன் பெட்ரோலையும் நிரப்பினால், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 240 போய்விடும். பைலட் 200. எஞ்சுவது 410. நான்கு இருக்கை இருக்கிறதே என்று மூன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஏற்றினால் எல்லைக்கோட்டில் நிற்கும். வெயில் நாளில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கையும் புரொப்பெல்லரும் எஞ்சினும் ஒருசேரப் பலம் இழக்கும். அதனால்தான் பைலட் "இந்தச் சுற்றில் இரண்டு பேர் போதும்" என்பார். சிநேகிதியோடு ஒன்றாகப் போக முடியவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

காலையின் முதல் சுற்றையே கேளுங்கள். பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, வெப்பக் காற்று குமிழ் குமிழாக எழும்பும். வயலுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே பறக்கும் சிறு விமானம் மாட்டுவண்டி போலக் குலுங்கும். முதல் பயணத்தில் வாந்தி எடுத்த பிள்ளை இரண்டாவது பயணத்துக்கு வர யோசிக்கும். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். லேசான காலை உணவு போதும். மேலே போனதும் போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றுத் துவாரத்தை முகத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதால்தான் குமட்டல் வருகிறது. பின்னிருக்கையில் தலை குனிந்திருப்பவருக்கு அது இரட்டிப்பாகும்.

முன்னிருக்கை வேண்டும் என்று கேட்க இன்னொரு காரணமும் உண்டு: கட்டுப்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. உயரம் எட்டி நேராகப் பறக்கத் தொடங்கியதும் பல பைலட்டுகள் பிள்ளையிடம் யோக்கை, அதாவது ஸ்டீயரிங் போன்ற கைப்பிடியை, தருவார்கள். தருவதும் தராததும் அவர் விருப்பம். மூன்று பேர் போகும் விமானத்தில் பின்னால் உட்கார்ந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. "என் மகளுக்கு ஓட்டக் கற்க ஆசை" என்று பதிவு மேசையில் சொல்லி வைத்தால் அநேகமாக ஏற்பாடு செய்வார்கள். விதிப்படி 8 வயது போதும் என்றாலும், அந்த வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் கருவிப்பலகைக்கு மேல் எதுவும் தெரியாது. குஷன் போட்டாலும் ஓரளவுதான். எங்கள் கணிப்பில் 11, 12 வயதில் போவது நல்ல பலன் தரும்.

விமானத்துக்கு விமானம் அனுபவம் மாறும். செஸ்னாவில் இறக்கை தலைக்கு மேலே. கீழே தன் பள்ளியையும் வீட்டையும் தேடிப் பார்க்கலாம். பைப்பர் செரோக்கியில் இறக்கை கீழே, கதவு வலப்பக்கம் ஒன்றே ஒன்று. இறக்கை மேல் கால் வைத்து ஏற வேண்டும், நேர் கீழே பார்வை மறையும். வீட்டுக் கொட்டகையில் கட்டிய இரட்டை இருக்கை ஆர்வி விமானம் வாய்த்தால் அதிர்ஷ்டம்: கண்ணாடிக் குமிழ் போன்ற கூரை, யோக்குக்குப் பதில் ஸ்டிக், சுறுசுறுப்பான திருப்பம். அதன் உள்ளே "பரிசோதனை ரகம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பல அம்மாக்கள் மகனின் கையை இழுத்துப் பிடிப்பதுண்டு. தொழிற்சாலைச் சான்றிதழுக்குப் பதிலாக வேறு ரகத்தில் பதிவானது என்பதே அதன் பொருள். கட்டி முடித்தபின் குறிப்பிட்ட மணிநேரம் பயணி இல்லாமல் பறந்து சோதித்த பிறகே பிறரை ஏற்றலாம். அப்படியும் மனசு ஒப்பவில்லையா, வேறு விமானம் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நல்ல பைலட்டை அடையாளம் காண்பது எளிது. பிள்ளையை நேராக ஏற்றிவிட மாட்டார். கூடவே விமானத்தைச் சுற்றி நடப்பார். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குப்பியில் பெட்ரோல் பிடித்துக் காட்டுவார்: நீல நிறமாக இருந்தால் சரியான எரிபொருள், அடியில் நிறமற்ற குமிழ் தெரிந்தால் தண்ணீர், தண்ணீர் கனம் என்பதால் கீழே தங்கும், எஞ்சினுக்குள் போனால் அணைந்துவிடும். எண்ணெய் அளவு, டயர், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை முனையின் எய்லரான், மூக்கை ஏற்றி இறக்கும் வால் எலவேட்டர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவார். "மேலே போனதும் வேறு விமானம் கண்ணில் பட்டால் சொல்லு" என்று ஒரு வேலையும் கொடுப்பார். ரன்வேயில் ஓடும்போதும் இறங்கும்போதும் பேசக்கூடாது என்று முன்பே சொல்லி வைப்பார். இந்தப் பத்து நிமிடத்தில் கற்பது பறக்கும் இருபது நிமிடத்தில் கற்பதைவிட அதிகம்.

பாதுகாப்பில் கண்டிப்பாக இருக்கிறார்கள். பைலட்டுக்கு நடப்பில் உள்ள லைசென்ஸ், மருத்துவத் தகுதி, பயணி ஏற்றுவதற்கான அண்மைக் காலப் பறப்பு எல்லாம் வேண்டும். இளைஞர் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். சாகசப் பறப்பு கிடையாது. விமான நிறுத்துமிடத்தில் தன்னார்வலர் பிள்ளையைக் கூடவே நடத்திச் செல்வார். நின்றுபோன புரொப்பெல்லரையும் தொடக்கூடாது, ஏனென்றால் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், புரொப்பெல்லரைக் கையால் அசைத்ததும் சாவி இல்லாமலே எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். எஞ்சின் நடுவானில் நின்றால் என்ன ஆகும் என்பது எல்லா அப்பாக்களின் கேள்வி. கல் போல விழாது. 172 ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் வழுக்கிப் போகும். அதற்குள் வயலையோ ரன்வேயையோ தேர்ந்தெடுப்பதுதான் பைலட்டின் பயிற்சி. காற்றோ மேகமோ சரியில்லை என்று கடைசி நிமிடத்தில் ரத்து செய்தால் அந்தக் கிளையை இன்னும் அதிகமாக நம்பலாம்.

டிப்ஸ் நீட்டாதீர்கள். தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர் காசு வாங்கிக்கொண்டு பயணி ஏற்றக்கூடாது என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதி. பிள்ளை கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் போதும். அவற்றை ஹேங்கர் (விமானக் கொட்டகை) சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்கள் நிறைய.

இறங்கியதும் பறப்புகளைக் குறித்து வைக்கும் ஒரு லாக்புக் கொடுப்பார்கள். பத்திரமாக வையுங்கள், அதில் வரும் குறியீட்டை இணையத்தில் பதிந்தால்தான் மீதி எல்லாம் திறக்கும்: 19 வயது வரை இஏஏவின் இலவச மாணவர் உறுப்பினர் தகுதி, விமானப் பயிற்சிப் பாடங்கள் விற்கும் ஸ்போர்ட்டீஸ் நிறுவனத்தின் முழு நீள இணையப் பாடம், அதில் குறிப்பிட்ட பகுதியை முடித்தால் பயிற்றுநரோடு முதல் வகுப்புக்கான உதவி, எஃப்ஏஏ எழுத்துத் தேர்வுக் கட்டணத்துக்கான உதவி. அந்தப் பாடம் மட்டும் தனியாக வாங்கினால் நூறு டாலருக்கு மேல் ஆகும். தள்ளிப்போட்டால் மறந்துபோகும், அந்த வாரமே பதிந்துவிடுங்கள். திட்டத்தின் பக்கத்திலிருந்து இன்னும் அழுத்தமான நினைவூட்டல் இருக்கலாம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பயணம் பயிற்சி நேரமாகக் கணக்கில் வராது. எஃப்ஏஏ கணக்கில் வருவது பயிற்றுநர் உரிமம் பெற்றவர் கற்றுத்தந்து கையெழுத்திட்ட நேரம். அதற்குக் குறைந்தபட்ச வயது இல்லை. 13 வயதிலும் கற்கலாம். ஆனால் தனியாக ஓட்ட 16 ஆக வேண்டும், தனியார் பைலட் லைசென்சுக்கு 17. ஆகவே 13 வயதில் வாரம் ஒரு வகுப்பு என்று ஆரம்பிப்பது காசைக் கரைப்பது. மூன்று வருடத்தில் பாதி மறந்துபோகும். எஞ்சின் இல்லாத கிளைடரில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம், 16இல் லைசென்ஸ் வாங்கலாம். மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரைக் காலால் ஒழுங்காக மிதிக்கக் கிளைடர் போல வேறெதுவும் கற்றுத்தராது. அவசரப்படும் பிள்ளைகளுக்கு எங்கள் பரிந்துரை அதுதான்.

லைசென்சுக்கு விதிப்படி 40 மணி நேரம்: குறைந்தது 20 பயிற்றுநரோடு, 10 தனியாக. 40இல் முடிப்பவர்கள் குறைவு. 60, 70 ஆவது சகஜம். விமானமும் பயிற்றுநரும் சேர்ந்து பல ஊர்களில் மணிக்கு 200 டாலரைத் தாண்டும். பணத்தை மொத்தமாகச் சேர்த்துவிட்டு வாரம் மூன்று வகுப்பு போனால் மொத்தச் செலவு குறையும், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று போனால் ஒவ்வொரு வகுப்பிலும் முந்தையதை மறுபடி கற்கவே நேரம் போகும். எழுத்துத் தேர்வு 60 கேள்வி, 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இலவசப் பாடத்தை வைத்தே பள்ளி நாட்களில் இதற்குத் தயாராகிவிடலாம். ஆனால் தேர்ச்சி 24 மாதம்தான் செல்லும் என்பதால் மிகச் சீக்கிரம் எழுதி வைப்பது வீண்.

பணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று மருத்துவம். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏடிஎச்டி) மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு எஃப்ஏஏ மருத்துவச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது; கடந்த நான்கு ஆண்டுகளில் அறிகுறியோ சிகிச்சையோ இல்லாதவர்களுக்கு 2023 முதல் சற்றே விரைவான வழி உண்டு. அதற்காக டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். 2025 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு நிறப்பார்வைச் சோதனை கணினியில். விமான மருத்துவரிடம் விண்ணப்பம் இல்லாமல் வெறும் ஆலோசனைக்குப் போய்வருவது உத்தமம், ஏனெனில் விண்ணப்பம் அனுப்பி மறுக்கப்பட்டால் அது பதிவில் நிற்கும்.

மற்றது, நம் குடும்பங்களில் பலரும் கடைசி நேரத்தில் அறிவது. அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட்டையோ, அரசின் புகைப்பட அடையாள அட்டையோடு பிறப்புச் சான்றிதழையோ காட்டினால் பயிற்சி தொடங்கிவிடும். குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, முதலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவின் பாதுகாப்புச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும்: கைரேகை, கட்டணம், காத்திருப்பு. ஒப்புதல் வராமல் பயிற்றுநர் கற்றுத்தரக்கூடாது. யங் ஈகிள்ஸ் பயணம் பயிற்சி அல்ல என்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. விசாவில் இருக்கும் பிள்ளையும் தாராளமாக ஏறலாம்.

18 வயது ஆகிவிட்டவர்களுக்கு அதே சங்கம் ஈகிள் ஃப்ளைட்ஸ் என்ற பெயரில் பெரியவர்களுக்கான பயணத்தை நடத்துகிறது. 12 வயது ஆன பிள்ளைகளுக்கு, அமெரிக்க விமானப்படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலின் கேடட் பிரிவும் உண்டு. சீருடை, அணிவகுப்பு, வாராந்தரக் கூட்டம், கூடவே எஞ்சின் விமானத்தில் ஐந்தும் கிளைடரில் ஐந்துமாக அறிமுகப் பயணங்கள். ஒழுங்கு பிடிக்கும் பிள்ளைக்கு அது தேவலை. சனிக்கிழமை காலை ஒன்றை மட்டும் ஒதுக்க முடிகிற வீட்டுக்கு யங் ஈகிள்ஸ். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேங்கர் நிழலில் இரண்டு மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம்.